ஆங்கில நிலக்கிழார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை: ஜான் ஹாம்ப்டனை முன்வைத்து

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலக்கிழார் ஒருவர் நாடாளுமன்றத்திலும் அமர்ந்திருந்தால், அவரைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் அவையில் தொடங்கிப் போர்க்களத்தில் முடித்துவிடுகிறார்கள். அவருக்கு எந்தெந்த ஊரில் நிலம் இருந்தது, அது எவ்வழியில் அவர் கைக்கு வந்தது, அந்த நிலத்தின்மீது வேறு யாருக்கெல்லாம் உரிமை இருந்தது என்பவை அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. நான் பரிந்துரைக்கும் வரிசை இதற்கு நேர்மாறானது: முதலில் நிலம், அடுத்து குடும்பம், அதன் பின்னரே அவை. அக்காலத்தில் ஒருவரின் தொகுதியையும், அவர்மீது விழுந்த வரியையும், நெருக்கடியில் அவருக்காகக் குதிரையேறி வந்த ஆட்களையும் நிலமே தீர்மானித்தது. நிலத்தை விட்டுவிட்டு எழுதினால், அவர் செய்தவை எழுத்தில் வரும். ஏன் செய்ய முடிந்தது என்பது வராது.

இம்முறையை விளக்க ஜான் ஹாம்ப்டனை எடுத்துக்கொள்கிறேன். 1595 வாக்கில் பிறந்து 1643-இல் போரில் பட்ட காயத்தால் இறந்த இவர், பக்கிங்ஹாம்ஷயர் கவுன்டியின் (மாவட்டத்தின்) செல்வந்தக் குடும்பமொன்றின் தலைவர். முதலாம் சார்லஸ் மன்னர் கடற்படைச் செலவுக்கென நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி விதித்த கப்பல் பணம் என்ற வரியைச் செலுத்த மறுத்து வழக்கைச் சந்தித்தவர். பின்னாளில் மன்னராட்சியை வீழ்த்தி இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லுக்கு அத்தை மகன். இவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தும் இவர் தம் கைப்பட எழுதியவற்றில் எஞ்சியிருப்பவை மிகக் குறைவு. ஐயத்துக்கு இடமின்றி இவருடையது என்று சொல்லத்தக்க உருவப்படம்கூட இல்லை; இணையத்தில் இவர் பெயரோடு உலவும் படத்தை எடுத்துப் போடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள். எனவே இவரைச் சுற்றியிருந்தவற்றின் வழியாகவே இவரை அணுக வேண்டியிருக்கிறது. அக்கால நிலக்கிழார்களில் பெரும்பாலோரின் நிலை இதுதான் என்பதால், இவரிடம் பயிலும் முறை மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் ஒரு வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுத்தொடர் இருக்கிறது. அதன் மேற்பகுதியில், பீச் மரக் காடுகளுக்கு நடுவே, கிரேட் ஹாம்ப்டன் என்ற சிற்றூரும் குடும்ப மாளிகையும் தேவாலயமும் அருகருகே அமைந்திருக்கின்றன. குன்றுச் சரிவின் அடியில் கிரேட் கிம்பிள். வடக்கே சமவெளியில், எய்ல்ஸ்பரிக்கு அருகில், ஸ்டோக் மாண்டவில். குன்றடிவாரத்தில் வெண்டோவர் என்ற சந்தை நகரம். (பாராலிம்பிக் போட்டிகளுக்கு 1948-இல் வித்திட்ட மருத்துவமனை அமைந்துள்ள ஊர் என்ற வகையில் ஸ்டோக் மாண்டவில்லின் பெயரை வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம்.) இவ்வூர்கள் அனைத்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குதிரையில் எளிதில் சென்றுவரும் தொலைவில் இருந்தன. இவற்றைக் குறித்துக்கொண்டாலே, பின்னால் வரும் அரசியல் நிகழ்ச்சிகளில் பாதி இந்தச் சிறு வட்டத்துக்குள் நடந்திருப்பது புலப்படும்.

ஒவ்வோர் ஊரிலும் அவருக்கு இருந்தது எவ்வகை உரிமை என்பதை அடுத்துப் பாருங்கள். மேனர் என்று ஆவணம் குறிப்பிடுவது வெறும் வயற்பரப்பை அல்ல. சொந்தச் சாகுபடி நிலம், குத்தகை நிலம், வழக்காற்று உரிமையில் குடிகள் அனுபவித்த நிலம், பொது மேய்ச்சல், காடு, இவற்றோடு குடிகளின் வழக்குகளை விசாரிக்கும் மேனர் நீதிமன்றம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். கவுன்டி வாரியாகவும் பாரிஷ் (தேவாலயப் பங்கு) வாரியாகவும் மேனர்களின் கைமாற்றத்தைத் தொகுத்துத் தரும் விக்டோரியா கவுன்டி வரலாற்றுத் தொகுதிகள் இதற்குச் சிறந்த தொடக்கம். பக்கிங்ஹாம்ஷயருக்கான தொகுதிகளை இணையத்திலேயே படிக்கலாம். மேனர் ஆவணங்கள் எந்தக் காப்பகத்தில் இருக்கின்றன என்பதைக் கண்டறிய, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் மேனர் ஆவணப் பதிவேடு என்றே தனிப் பகுதி உண்டு.

நிலம் தந்தையிடமிருந்து மகனுக்கு எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வகை ஆவணங்கள் உதவும். ஒன்று உயில்; தென் இங்கிலாந்தின் வசதி படைத்தோரின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவாகி, இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் எண்மப் படிகளாகக் கிடைக்கின்றன. மற்றொன்று, மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்தபின் உள்ளூர் நடுவர் குழுவைக் கொண்டு நடத்தப்பட்ட விசாரணையின் அறிக்கை. இறந்த நாள், நிலங்கள், அவற்றின் மதிப்பு, வாரிசின் வயது ஆகிய நான்கையும் இது தரும். அந்த மதிப்பை அப்படியே ஆண்டு வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமாக அது உண்மை மதிப்பைவிடப் பல மடங்கு குறைவாகவே பதிவாகும்.

வாரிசின் வயது ஏன் முக்கியம் என்பதற்கு ஹாம்ப்டன் நல்ல உதாரணம். தந்தை வில்லியம் 1597-இல் இறந்தபோது ஜான் சிறு குழந்தை. படைச்சேவை நிபந்தனையின்கீழ் மன்னரிடம் பெற்ற நிலத்துக்கு உரிய வாரிசு 21 வயது நிரம்பாதவராயின், அவரது காப்பாளர் உரிமையும் திருமணத்தை முடிவுசெய்யும் உரிமையும் மன்னரிடம் சென்றுவிடும். 1540-இல் நிறுவப்பட்ட காப்புரிமை நீதிமன்றம் அவ்வுரிமையைப் பணத்துக்கு விற்கும். ஆகவே சிறுவயதில் தந்தையை இழந்த எந்த நிலக்கிழாரை எழுதினாலும், அந்த நீதிமன்றத்தின் பதிவுகளைத் தேடாமல் கடக்காதீர்கள். பின்னாளில் அரசனின் நிதி அதிகாரத்தைக் கேள்வி கேட்ட பலருக்கு, அவ்வதிகாரத்தின் முதல் அனுபவம் தம் சொந்த வீட்டிலேயே கிடைத்திருந்தது.

கல்வியை எழுதுவது எளிது. தேம் ஊரின் இலக்கணப் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரி, 1613-இல் லண்டன் இன்னர் டெம்பிள் சட்டச் சங்கம் என்பது ஹாம்ப்டனின் பாதை. பட்டம் பெறாமலும் வழக்கறிஞர் தொழில் செய்யாமலும் இவ்விடங்களுக்குச் சென்றுவருவது அக்கால நிலக்கிழார் வீட்டு வழக்கம். தம் நிலத்தைத் தாமே காத்துக்கொள்ளத் தேவையான சட்ட அறிவு அங்கே கிடைத்தது. ஆகையால் சட்டச் சங்கத்தில் சேர்ந்தார் என்பதைக் கொண்டு அவரை வழக்கறிஞர் என்று எழுதிவிட வேண்டாம்.

குடும்பத்தை எழுதும்போது பெண்களின் வழியாகச் செல்லுங்கள். ஹாம்ப்டனின் தாய் எலிசபெத், ஹன்டிங்டன்ஷயரின் கிராம்வெல் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தம் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. பிரபுப் பட்டங்கள் அள்ளி வழங்கப்படும் காலம் இது, என் மகன் பட்டம் நாடுவதானால் இப்போதே வரட்டும் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். முதலாம் ஜேம்ஸ் 1611-இல் பாரனெட் என்ற புதிய பட்டத்தைத் தோற்றுவித்து 1,095 பவுண்டுக்கு விற்ற காலம் அது. மகனோ கடைசிவரை எந்தப் பட்டமும் பெறவில்லை. ஒரு தாயின் ஆசையும் மகன் அதைப் பின்பற்றாததும் சேர்ந்து, பத்துப் பக்க விளக்கத்தைவிட அதிகமாகச் சொல்லிவிடுகின்றன. இத்தகைய கடிதம் கிடைத்தால் அதைச் சுருக்காமல் இடம் கொடுத்து எழுதுங்கள்.

1619-இல் அவர் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் பிர்டன் ஊரைச் சேர்ந்த எலிசபெத் சைமியனை மணந்தார். 1634-இல் மனைவி இறந்தபோது கிரேட் ஹாம்ப்டன் தேவாலயத்தில் அவர் நிறுவிய கல்வெட்டை நான் மிக முக்கியமான சான்றாகக் கருதுகிறேன். அண்டை வீட்டாருக்கு ஊன்றுகோலாகவும், ஒழுங்கான குடும்பத்தின் பெருமையாகவும், பெற்றோரின் மகிழ்ச்சியாகவும், கணவருக்கு மகுடமாகவும் விளங்கியவர் என்று அது அவரைப் படிப்படியாகப் போற்றி, ஒன்பது பிள்ளைகளின் தாய் என்பதையும் கூறி, துயருற்ற கணவர் இதை நிறுவினார் என்று முடிகிறது. கல்லறை வாசகங்கள் மரபான சொற்களில் அமைபவை என்பது உண்மைதான். ஆனாலும் தம்மைப் பற்றி மிகக் குறைவாக எழுத்தில் விட்டுச் சென்ற ஒருவர் பொதுவில் வெளியிட்ட சொந்தச் சொற்கள் இவை. தேவாலயக் கல்வெட்டுகளையும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிள்ளைகளின் பட்டியலை அமைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தேதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்றே தொடங்கியது. எனவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்கு ஆவணம் முந்தைய ஆண்டின் எண்ணையே இடும். இதைக் கவனிக்காவிட்டால் கதையே தலைகீழாகும் என்பதைக் கப்பல் பண விவகாரத்தில் காணலாம். கடற்கரைப் பகுதிகளிடம் மட்டும் 1634-இல் கேட்கப்பட்ட அந்த வரி, 1635 ஆகஸ்ட் மாத ஆணையின்படியே உள்நாட்டுக் கவுன்டிகளுக்கும் விரிந்தது. பக்கிங்ஹாம்ஷயரின் பங்கு 4,500 பவுண்டு. கிரேட் கிம்பிளில் வரி செலுத்த மறுத்தோரின் பட்டியலோ 1635 ஜனவரி என்று தேதியிடப்பட்டிருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆணை பிறப்பதற்கு ஏழு மாதம் முன்பே மக்கள் வரியை மறுத்துவிட்டதாக ஆகும். அந்த ஜனவரி நம் கணக்கில் 1636. உங்கள் குறிப்பேட்டில் இத்தகைய தேதிகளை 1635/6 என்று இரண்டு எண்களோடு எழுதிவையுங்கள். இறுதிப் படியில் ஒரே முறையைப் பின்பற்றி, எந்த முறை என்பதை முதற்பக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.

அந்தக் கிம்பிள் பட்டியலைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். பாரிஷின் மதிப்பீட்டாளர்களும் காவலர்களும் சேர்ந்து, கவுன்டியில் மன்னரின் அதிகாரியான ஷெரிஃபுக்கு அனுப்பிய சிறிய தாள் அது. செலுத்த மறுத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொருவருக்கும் உரிய தொகையோடு வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. தலைப்பெயர் ஜான் ஹாம்ப்டன். தொகை 1 பவுண்டு 11 ஷில்லிங் 6 பென்ஸ். அவருக்குக் கீழே சில ஷில்லிங்குகளும் பென்ஸ்களும் மட்டுமே செலுத்த வேண்டியிருந்த சிறு விவசாயிகள் வருகிறார்கள். பட்டியலைத் தயாரித்த மதிப்பீட்டாளர்களும் காவலர்களும் தங்கள் பெயர்களையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வரியை வசூலிக்க வேண்டிய உள்ளூர் ஆட்களே தம்மை மறுத்தவர்களாக எழுதிக் கையொப்பமிட்டு மேலே அனுப்பியது, என்னைப் பொறுத்தவரை, ஹாம்ப்டன் வரலாற்றின் மிகத் துணிச்சலான செயல்களில் ஒன்று. தலைப்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடும் நூல்கள் பல. நீங்கள் அந்தப் பட்டியலை முழுமையாகப் படித்து, அப்பெயர்களுக்கு உரியவர்கள் அவருடைய குடிகளா, சுதந்திர நிலவுடைமையாளர்களா என்று தேடிப் பாருங்கள்.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். நீதிமன்றத்துக்குப் போனது கிம்பிள் தொகை அன்று. ஸ்டோக் மாண்டவில் நிலத்துக்காக விதிக்கப்பட்ட 20 ஷில்லிங். பல ஊர்களில் நிலம் வைத்திருந்தவருக்குப் பல ஊர்களிலும் வரி வந்தது. அவற்றுள் ஒன்றை முன்மாதிரி வழக்காக அரசு எடுத்துக்கொண்டது. நிலங்களின் பட்டியலை முன்பே தயாரித்திருந்தால் இவ்விரண்டும் உங்கள் எழுத்தில் கலக்காது.

தொகையை இன்றைய ரூபாய்க்கு மாற்ற வேண்டாம். நானூறு ஆண்டு இடைவெளியில் அத்தகைய கணக்கு எதையும் விளக்காது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதைச் சொல்லிவிட்டு, அக்கால வாழ்க்கையோடு ஒப்பிடுங்கள். கிராமத்துக் கூலியாள் ஒருவரின் ஒரு நாள் கூலி ஏறத்தாழ 8 முதல் 12 பென்ஸ் வரை என்று கொண்டால், 20 ஷில்லிங் என்பது அவருக்கு மூன்று முதல் ஐந்து வார உழைப்பு; ஹாம்ப்டனுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. வழக்கு தொகைக்காக நடக்கவில்லை என்பதை வாசகர் இந்த ஒப்பீட்டிலிருந்தே உணர்ந்துகொள்வார்.

வழக்கைச் சுருக்கமாக எழுதுவதானாலும், தீர்ப்பை வெறும் எண்ணிக்கையாக எழுதாதீர்கள். 1637 நவம்பரில் ஆலிவர் செயின்ட் ஜானும் ராபர்ட் ஹோல்போர்னும் ஹாம்ப்டனுக்காக வாதாடத் தொடங்கினர். 12 நீதிபதிகளும் ஒருவர்பின் ஒருவராகக் கருத்துரைத்து முடிய 1638 ஜூன் ஆயிற்று. மன்னருக்குச் சாதகமாக 7 பேர், ஹாம்ப்டனுக்குச் சாதகமாக 5 பேர். ஆனால் அந்த ஐவரும் ஒரே காரணத்தைக் கூறவில்லை. குரோக், ஹட்டன் ஆகிய இருவர்தாம் அந்த வரியே சட்டத்துக்குப் புறம்பானது என்று அடிப்படையிலேயே மறுத்தார்கள். ஏனையோர் பெரும்பாலும் நடைமுறைப் பிழைகளைச் சுட்டி அவர் பக்கம் நின்றார்கள். இந்த வேறுபாட்டைக் காட்டாமல் 'நூலிழையில் தோற்றார்' என்று எழுதுவது, நாட்டுக்கு ஆபத்து என்று கருதினால் அவையின் ஒப்புதலின்றியே வரி கேட்கலாம் என்ற மன்னரின் நெருக்கடிநிலை அதிகாரத்தை எத்தனை நீதிபதிகள் உண்மையில் எதிர்த்தார்கள் என்பதை மறைத்துவிடும். 1641-இல் நாடாளுமன்றம் அந்த வரியைச் சட்டவிரோதமென அறிவித்துத் தீர்ப்பையும் ரத்து செய்ததோடு அந்த அத்தியாயத்தை முடிக்கலாம்.

எதிர்த்தரப்பையும், இடையில் சிக்கியவர்களையும் தேடுங்கள். வரியைப் பிரித்து வசூலிக்கும் சுமை கவுன்டியின் ஷெரிஃபின் தலையில் விழுந்தது. வசூல் குறைந்தால் அவரே பதில் சொல்ல வேண்டும். அப்போது பக்கிங்ஹாம்ஷயரின் ஷெரிஃபாக இருந்த ஸ்டோ மாளிகையின் சர் பீட்டர் டெம்பிள், இந்தப் பணியால் தம் வாழ்வு முழுவதும் உழைப்பாகிப்போனது என்று தாய்க்கு எழுதிப் புலம்பினார். அக்குடும்பத்தின் ஆவணங்களின் பெரும்பகுதி இன்று கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. ஒரு கவுன்டியின் வரலாறு அக்கவுன்டியின் காப்பகத்தில் மட்டுமே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இப்போது நாடாளுமன்றத்துக்கு வரலாம். நிலத்தை அறிந்தபின் தொகுதிகளைப் பார்த்தால் அவை தாமே பேசும். ஹாம்ப்டன் 1621-இல் முதன்முதலாகத் தேர்வானது கார்ன்வாலின் கிராம்பவுண்ட் என்ற தொலைதூரச் சிற்றூரிலிருந்து. அங்கே அவர் வசித்தவரல்லர், செல்வாக்குடையோரின் துணையால் கிடைத்த இடம் அது. 1624-இல் நீண்டகாலமாக வழக்கொழிந்திருந்த வெண்டோவரின் பிரதிநிதித்துவ உரிமை மீட்கப்பட்டது. பழைய பதிவுகளைத் தோண்டி அதற்கு வழிவகுத்தவர் வில்லியம் ஹேக்வில் என்ற வழக்கறிஞர். அதன்பின் 1628 வரை நடந்த தேர்தல்களில் ஹாம்ப்டன் தம் வீட்டு வாசலிலிருந்த வெண்டோவரின் உறுப்பினரானார். 1640-இல் கூடிய இரு நாடாளுமன்றங்களிலும் அவர் கவுன்டி முழுவதற்குமான உறுப்பினர். ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் உடையோர் வாக்களிக்கும் பெருமைக்குரிய இடம் அது. பிறர் தயவில் தொடங்கி, சொந்த நகரத்தின் வழியாக, கவுன்டியின் தலைமைக்கு அவர் வந்த பாதை இந்த மூன்று பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது. இடையில் 1627-இல் மன்னர் கேட்ட கட்டாயக் கடனைக் கொடுக்க மறுத்துச் சிறை சென்றதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கப்பல் பணம் அவரது முதல் மறுப்பு அல்ல.

அவையில் அவர் செய்ததை அறிய, நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவையின் குறிப்பேடுகளைப் படிக்க வேண்டும். அவை உரைகளைப் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. தீர்மானங்களையும் குழுக்களில் நியமிக்கப்பட்டோர் பெயர்களையும் தருகின்றன. எந்தெந்தக் குழுக்களில், யார் யாரோடு, எத்தனை முறை பெயர் வருகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். அடிக்கடி பேசுவோர் வேறு, காரியத்தை நகர்த்துவோர் வேறு என்பது அதில் தெரியும். ஹாம்ப்டன் இரண்டாம் வகை. உரைகளுக்குச் சக உறுப்பினர்களின் நாட்குறிப்புகளே சான்று, குறிப்பாக சர் சைமன்ட்ஸ் டியூஸின் குறிப்புகள். நாடாளுமன்ற வரலாற்று அறக்கட்டளை வெளியிட்டுள்ள உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்புகளை இறுதியில் ஒப்பிட்டுச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள்; அதிலிருந்தே தொடங்கினால் உங்கள் பார்வை அதன் பார்வையாகிவிடும். கையெழுத்துப் படிகளைப் படிக்க வேண்டியிருப்போர், அக்கால எழுத்து முறையைக் கற்பிக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவச இணையப் பாடங்களைச் செய்து பாருங்கள். பொறுமையோடு செய்தால் அது எட்டாத கலை அன்று.

1642 ஜனவரி 4 அன்று மன்னர் சார்லஸ் ஆயுதமேந்தியவர்களோடு அவைக்கு வந்து ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய முயன்றதும், பிம், ஹோலிஸ், ஹேசல்ரிக், ஸ்ட்ரோடு ஆகியோரோடு ஹாம்ப்டனும் முன்பே வெளியேறியிருந்ததும் எல்லா நூல்களிலும் உண்டு. அதற்கு அடுத்த நாட்களுக்கு அதிக இடம் கொடுங்கள். பக்கிங்ஹாம்ஷயரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தங்கள் உறுப்பினருக்கு ஆதரவாக மனுவோடு லண்டனுக்கு வந்தார்கள். அதே ஆண்டு மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது, பச்சை அங்கி அணிந்த அவரது காலாட்படையும் அதே மண்ணில்தான் திரட்டப்பட்டது. கிம்பிள் பட்டியலின் சிறு விவசாயிகளையும் இந்த ஊர்வலத்தையும் இந்தப் படையையும் ஒரே தொடர்ச்சியாக எழுத முடிந்தால், நிலத்தில் தொடங்கியதன் பயன் அங்கே கிடைக்கும்.

சான்றுரைப்போரை எடைபோடும்போது, அவர்கள் எப்போது, எந்தத் தரப்பிலிருந்து எழுதினார்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஹாம்ப்டனின் குணச்சித்திரத்தை மிகக் கூர்மையாக வரைந்தவர் கிளாரண்டன் பிரபு. அவர் தொடக்கத்தில் அதே அவையில் அமர்ந்து, பின்னர் மன்னர் பக்கம் சென்றவர். தன்னடக்கமும் பிறர் கருத்தைத் தம் வழிக்குத் திருப்பும் ஆற்றலும் ஹாம்ப்டனுக்கு இருந்ததை அவர் ஒப்புக்கொள்கிறார். அவ்வாற்றலையே ஆபத்தானதாகவும் காண்கிறார். எதிரியின் பாராட்டு நம்பத்தக்கது என்று அதை அப்படியே ஏற்பதும் தவறு, பகைமை என்று தள்ளுவதும் தவறு. அதற்கு எதிரே, லண்டன் டவர் சிறையில் அடைபட்டிருந்த நண்பர் சர் ஜான் எலியட்டுக்கு ஹாம்ப்டன் எழுதிய கடிதங்களை வையுங்கள். எலியட்டின் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிய அக்கறையும், அவர் சிறையில் எழுதியவற்றைப் படித்துக் கூறிய கருத்துகளும் அவற்றில் உள்ளன. எலியட் 1632-இல் சிறையிலேயே இறந்தார். கணக்கிட்டுச் செயல்படும் தலைவராகக் கிளாரண்டன் காட்டும் மனிதர், இக்கடிதங்களில் பொறுமையான நண்பராகத் தெரிகிறார்.

மரணத்தை எழுதும்போது கட்டுப்பாடு தேவை. 1643 ஜூன் 18 அன்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் சால்குரோவ் வெளியில் மன்னர் தரப்புத் தளபதி இளவரசர் ரூபர்ட்டின் குதிரைப்படையோடு நடந்த மோதலில் ஹாம்ப்டன் காயமுற்றார். தேம் நகரில் ஜூன் 24 அன்று இறந்தார். இவ்வளவும் உறுதி. எதிரியின் குண்டுகள் தோளில் பாய்ந்தன என்பது ஒரு வழக்கு. அளவுக்கு மீறி மருந்து திணிக்கப்பட்ட அவரது சொந்தத் துப்பாக்கி வெடித்துக் கை சிதைந்தது என்பது பிந்திய காலத்தில் பரவிய மற்றொரு வழக்கு. இதைத் தீர்த்துவைக்க எண்ணி, 1828-இல் நியூஜன்ட் பிரபு கிரேட் ஹாம்ப்டன் தேவாலயத்தில் ஒரு கல்லறையைத் திறந்து பார்த்தார். அதிலிருந்த உடல் ஹாம்ப்டனுடையதுதானா என்பதே சர்ச்சையாயிற்று. நிகழ்ச்சிக்கு நெருங்கிய காலத்துச் சான்று எது, நூறாண்டு கழித்து எழுந்தது எது என்று பிரித்துக் காட்டிவிட்டு, முதலாவதை உங்கள் கதையிலும் இரண்டாவதை அதன் வரலாற்றோடு தனிப் பத்தியிலும் வையுங்கள். இறக்கும்போது அவர் கூறியதாக வழங்கும் நீண்ட பிரார்த்தனைகளையும் இவ்வாறே கையாளுங்கள்.

இறுதியாக, நிலத்தை அடுத்த தலைமுறை வரை தொடருங்கள். மூத்த மகன் முன்பே இறந்துவிட, சொத்து ரிச்சர்ட் ஹாம்ப்டனுக்குச் சென்றது. அவர் 1690 முதல் 1694 வரை நாட்டின் நிதியமைச்சராக இருந்தார். அவருடைய மகன் பெயரும் ஜான். அவரும் நாடாளுமன்ற உறுப்பினர். 1680-களில் அரசுக்கு எதிரான சதி வழக்கில் சிக்கி மரண தண்டனை வரை சென்று தப்பியவர். பட்டியல்களிலும் தேடுபொறிகளிலும் பாட்டனாரும் பேரனும் எளிதில் கலந்துவிடுவார்கள். ஆகவே 'ஜான் ஹாம்ப்டன்' என்று வரும் ஒவ்வோர் ஆவணத்தையும் உங்கள் குறிப்பேட்டில் சேர்க்கும்முன், அதன் ஆண்டு 1643 ஜூனுக்கு முற்பட்டதா என்று பாருங்கள். பிற்பட்டதாயின் அது பேரனுக்கு உரியதா என்று ரிச்சர்டின் பிள்ளைகளின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே அதைப் பயன்படுத்துங்கள்.